தண்ணீர் எங்கே போகிறது?

(இணையவழி இலக்கிய நிகழ்வில் பேர்கனிலிருந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கனடாவில் இப்போதுதான் தேநீர்க் கோப்பையோடு வந்து இருந்தவர்களுக்கும், அவுஸ்திரேலியாவில் நித்திரையைக் கெடுத்துக்கொண்டு விழித்திருப்பவர்களுக்கும் தனித்தனியாக வணக்கம். இங்கே பேர்கனில் வெளியே மழை. அதைச் சொல்லத் தேவையில்லை. பேர்கனில் மழை இல்லை என்றால்தான் அது செய்தி.

நெறியாளர் என்னை அழைத்தபோது, "அக்கா, உங்கள் தாதி அனுபவங்களைப் பற்றிக் கதையுங்கோ, இல்லாவிட்டால் உங்கள் சிறுகதைகளைப் பற்றிக் கதையுங்கோ" என்றார். நான் நிலத்தைப் பற்றிக் கதைக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. நிலம் என்றதும் அரசியல் பேசப் போகிறேன் என்று பயந்திருக்கலாம். அரசியலும் கொஞ்சம் வரும். ஆனால் நான் சொல்லவந்தது எங்கள் வீட்டில் நடந்த ஒரு சண்டையிலிருந்து தொடங்குகிறது.

என் மூத்த மகள் மேல்நிலைப் பள்ளி முடிக்கிறாள். நல்ல புள்ளிகள். ஒருநாள் இரவுச் சாப்பாட்டில், தான் 'லான்ஸ்காப்ஸ்ஆர்க்கிடெக்ட்' படிக்கப் போவதாகச் சொன்னாள். என் கணவர் கேட்டார், "அதென்ன?" அவள் விளக்கினாள். நிலம், மரம், தண்ணீர், வீதி, பூங்கா எல்லாவற்றையும் வடிவமைக்கிற தொழில். கணவர் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார், "தோட்டவேலை படிக்கவோ நாங்கள் இவ்வளவு கஷ்டப்பட்டு இங்க வந்தனாங்கள்?"

சிரிக்கிறீர்கள். உங்கள் வீடுகளிலும் இதே வசனம் வேறு தொழிலின் பெயரோடு ஒலித்திருக்கும். எங்களுக்குத் தெரிந்தது டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன். நானே தாதியர் டிப்ளோமாக்காரி. "டொக்டருக்குக் கிடைக்கவில்லையோ?" என்று கேட்கப்பட்டு வளர்ந்தவள். அதனால் அவள் முகம் வாடியபோது எனக்கு எங்கே வலித்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அவளுக்கு ஆதரவாக என்னாலும் ஒரு சொல் சொல்ல முடியவில்லை. எனக்கும் அந்தத் தொழில் என்னவென்று தெரியாது. அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும் யோசித்ததையும்தான் இன்று உங்களோடு பகிர்கிறேன்.

தமிழில் இதை நிலத்தோற்றக் கட்டடக்கலை என்கிறார்கள். சொல் பெரிதாக இருக்கிறது. நான் நில வடிவமைப்பு என்று சொல்லிக்கொள்கிறேன். அமெரிக்காவில் பிரெடரிக் லோ ஓம்ஸ்ரெட் என்பவரை இந்தத் தொழிலின் தகப்பன் என்பார்கள். நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க்கை 1858-இல் கல்வேர்ட் வோக்ஸ் என்பவரோடு சேர்ந்து வடிவமைத்தவர். எனக்கு அவரிடம் பிடித்தது இன்னொரு விசயம். 1861-இல் அமெரிக்க உள்நாட்டு யுத்தம் தொடங்கியதும் பூங்கா வேலையை விட்டுவிட்டு, காயப்பட்ட போர்வீரர்களின் சுகாதாரத்தைக் கவனிக்கும் ஆணைக்குழுவின் செயலாளராகப் போனார். முகாம்களில் குண்டடியைவிட அழுக்குத் தண்ணீரும் வயிற்றோட்டமும் அதிகம் பேரைக் கொன்ற காலம். யுத்தத்துக்குள் வளர்ந்து தாதி வேலை பழகிய எனக்கு, இந்த மனிதர் உறவுக்காரர் போலத் தெரிந்தார். பூங்கா போடுகிற கையும் புண்ணுக்கு மருந்து கட்டுகிற கையும் ஒன்றாக இருந்திருக்கிறது.

நோர்வேக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. ஒஸ்லோவுக்குத் தெற்கே ஓஸ் என்ற சிறிய ஊரில் உள்ள விவசாயக் கல்லூரியில் 1919-இல் இந்தப் படிப்பைத் தொடங்கினார்கள். ஐரோப்பாவில் உயர்கல்வி மட்டத்தில் முதலாவது அதுதான். இன்றைக்கு அது பல்கலைக்கழகம். என் மகள் போக விரும்புவது அங்கேதான்.

சரி, பேர்கனுக்கு வருவோம். பேர்கன் ஏழு மலைகளுக்கு நடுவில் இருக்கிற துறைமுக நகரம். வருடத்துக்கு 2,250 மில்லிமீற்றர் மழை என்று முன்பு சொல்வார்கள். 1991 முதல் 2020 வரையான கணக்கில் சராசரி 2,500-ஐ நெருங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துக்கு ஒரு வருடத்தில் கிடைப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2006 ஒக்டோபர் கடைசியில் தொடங்கிய மழை 2007 ஜனவரி வரை 85 நாட்கள் ஒருநாளும் விடாமல் பெய்தது. கைக்குழந்தையோடு அந்த 85 நாட்களையும் நான் இங்கே கழித்தேன். துணி காயாத கவலையை உங்களுக்குச் சொல்லி முடியாது.

பேர்கனுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் படம் எடுக்கிற இடம் பிரிக்கன். துறைமுகக் கரையில் வரிசையாகச் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கும் பழைய மரக் கட்டடங்கள். ஜேர்மன் வணிகர்கள் கருவாடு வாங்கித் தானியம் விற்ற இடம். 1702-இல் ஊர் எரிந்தபின் பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டினார்கள். 1979-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 1955-இல் இன்னொரு தீ வந்து ஒரு பகுதியை அழித்தது. அந்தச் சாம்பலுக்குக் கீழே தோண்டியபோது நூற்றுக்கணக்கான ரூன் எழுத்துக் குச்சிகள் கிடைத்தன. ஒன்றில் கீடா என்ற பெண், யாரையோ வீட்டுக்கு வரச்சொல்லிச் செதுக்கி அனுப்பியிருக்கிறாள். எண்ணூறு வருடத்துக்கு முந்திய வட்ஸ்அப் செய்தி.

அந்தக் குச்சி ஏன் உக்கவில்லை? நான் சொல்லவந்தது இதுதான். பிரிக்கனின் கட்டடங்கள் நிற்பது பாறையில் இல்லை. பல மீற்றர் ஆழத்துக்குச் சேர்ந்த பழைய மரம், தும்பு, தோல், குப்பை ஆகியவற்றின் மேல் நிற்கின்றன. அந்தப் படை எப்போதும் நிலத்தடி நீரில் ஊறிக்கிடந்தது. நீருக்குள் காற்று போகாது. காற்று போகாவிட்டால் மரம் உக்காது. பிறகு, எரிந்த பகுதியில் ஒரு ஹோட்டல் கட்டினார்கள். அதற்காகத் தோண்டி, தகடு அடித்து, நீரை வடித்தார்கள். பக்கத்தில் நிலத்தடி நீர் இறங்கியது. இறங்கிய இடத்துக்குள் காற்றுப் புகுந்தது. அடியிலிருந்த மரம் உக்கத் தொடங்கியது. மோசமான இடத்தில் நிலம் வருடத்துக்கு 8 மில்லிமீற்றர் வரை தாழ்ந்தது. எட்டு மில்லிமீற்றர் என்றால் சின்ன விரலின் அகலம். பத்து வருடத்தில் ஒரு கைப்பிடி.

யோசித்துப் பாருங்கள். ஐரோப்பாவிலேயே அதிகம் மழை பெய்யும் நகரங்களில் ஒன்று. அந்த நகரத்தின் பழைய கட்டடங்கள் தண்ணீர்த் தாகத்தால் தாழ்ந்துகொண்டிருந்தன. மழைக்கு என்ன நடந்தது? கூரையிலிருந்து பீலிக்கு, பீலியிலிருந்து குழாய்க்கு, குழாயிலிருந்து கடலுக்கு. மேலே கல் பதித்த தளம். மண்ணுக்குள் இறங்க வழியில்லை.

தொல்லியலாளர்கள், நிலத்தடி நீர் அறிஞர்கள், நில வடிவமைப்பாளர்கள், நகரசபை என்று பலர் சேர்ந்துதான் இதற்கு மருந்து கண்டார்கள். ஒரு தொழில்காரர் மட்டும் செய்ததாகச் சொன்னால் அது பொய். தகட்டு வேலியின் ஒழுக்கைக் குறைத்தார்கள். மழைநீரைக் குழாயில் விடாமல், புல் வளர்ந்த ஆழமில்லாத வாய்க்கால்களுக்கும் மழைத் தோட்டங்களுக்கும் நீர் உட்புகும் தளங்களுக்கும் திருப்பினார்கள். மழைத் தோட்டம் என்றால் வேறொன்றுமில்லை. கொஞ்சம் தாழ்ந்த ஒரு பாத்தி, ஈரத்தையும் வரட்சியையும் தாங்கும் செடிகள், அடியில் நீர் இறங்கும் மண். நிலத்தடி நீர் மெல்ல உயர்ந்தது. தாழ்வது குறைந்தது. சுற்றுலாப் பயணிகள் அந்தப் புல்லை மிதித்துக்கொண்டு போகிறார்கள். அது அந்தக் கட்டடங்களுக்கு ஏற்றப்படும் சேலைன் என்று அவர்களுக்குத் தெரியாது.

பேர்கனுக்குப் பின்னால் நிற்கும் பிளோயன் மலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடர்ந்த பச்சை. இயற்கையின் அழகு என்று நானும் ஊருக்குப் படம் அனுப்பியிருக்கிறேன். அந்தக் காடு நட்டது. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் மொட்டையாகிப்போன மலைகளில் மரம் நடுவதற்காக 1868-இல் இங்கே ஒரு சங்கம் தொடங்கினார்கள். நட்டவர்கள் யாரும் அந்த நிழலில் நடந்திருக்கமாட்டார்கள். நாங்கள் நடக்கிறோம்.

இனிக் கொஞ்சம் துக்கமான பக்கம். நான் 2004 இலையுதிர் காலத்தில் கலியாணம் செய்து இங்கே வந்தவள். வந்த உடனே நகரத்தின் குடிநீரில் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி கலந்து ஆயிரக்கணக்கானோருக்கு வயிற்றோட்டம். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று அறிவித்தார்கள். நான் அம்மாவுக்குப் போன் எடுத்து, "அம்மா, நோர்வேயிலும் தண்ணி கொதிக்கவச்சுத்தான் குடிக்கிறம்" என்றேன். அம்மா நம்பவில்லை.

அடுத்த வருடம், 2005 செப்டம்பர் 14. நான் மூத்தவளை வயிற்றில் வைத்திருந்தேன். ஒரு நாளில் 156.5 மில்லிமீற்றர் மழை. அந்த இரவு, நகரத்தின் தெற்கே ஹாட்லஸ்தாட் ரெராஸ்ஸ என்ற குடியிருப்பின் மேல் மலைச்சரிவு மண் இறங்கியது. நித்திரையில் இருந்த குடும்பங்கள். மூன்று உயிர்கள் போயின. அடுத்த நாள் பஸ்ஸில் யாரும் யாரோடும் கதைக்கவில்லை. நோர்வேயர்கள் வழக்கமாகவே பஸ்ஸில் கதைக்கமாட்டார்கள். ஆனால் அன்றைய மௌனம் வேறு.

ஒன்பது வருடம் கழித்து, 2014 ஒக்டோபர் 29. பதுளை மாவட்டம், கொஸ்லாந்தை, மீரியபெத்தை தோட்டம். காலை வேளை. மழையில் ஊறிய மலை இறங்கி லயன் வீடுகளை மூடியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. இந்த இடம் ஆபத்தானது என்று வருடங்களுக்கு முன்பே எச்சரிக்கப்பட்ட இடம். எச்சரிக்கை இருந்தது, வேறு காணி கிடைக்கவில்லை. மழை இரண்டு இடத்திலும் ஒரே மழைதான். சரிவும் சரிவுதான். ஆனால் மீரியபெத்தையில் யார் எங்கே இருக்கவேண்டும் என்பதை நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஒரு கொம்பனியின் வரைபடம் தீர்மானித்திருந்தது. காட்டை வெட்டித் தேயிலை நட்டபோது, மிச்சமிருந்த இடத்தில் தொழிலாளிக்கு லயன் அடித்தார்கள். அதுவும் நில வடிவமைப்புத்தான். நிலத்தை யாரோ ஒருவர் எப்போதும் வடிவமைத்துக்கொண்டுதான் இருக்கிறார். யாருக்காக என்பதுதான் கேள்வி.

காற்று ஒரு பாகை சூடானால் ஏறக்குறைய 7 வீதம் அதிக நீராவியைத் தாங்கும் என்பது பௌதிகம். அதனால் பெய்தால் பேய்மழை, இல்லாவிட்டால் நீண்ட வெயில். இதைத் தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பாலை என்பது தனி நிலமல்ல, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் வருவது பாலை என்று சிலப்பதிகாரம் சொல்லியிருக்கிறது. ஒரு நிலம் இன்னொரு நிலமாக மாறிப்போகும், அது துயரம் தரும் என்பது எங்களுக்குப் பழைய அறிவு.

இனி என் வேலையிடத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் இரகசியம் காக்கவேண்டும். ஆகவே அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். நான் பராமரித்த ஒரு வயதான அம்மா, ஞாபக மறதி நோய் முற்றியவர். பிள்ளைகளின் பெயர் மறந்துவிட்டது. காலைச் சாப்பாடு சாப்பிட்டதும் மறந்துவிடும். மழை பெய்தால் மட்டும் சக்கர நாற்காலியை யன்னலுக்குத் தள்ளச் சொல்வார். யன்னலுக்கு வெளியே கார் நிறுத்தும் இடம். அதைப் பார்த்தபடி என்னைக் கேட்பார், "வூர் கோர் வன்னெ?" தண்ணீர் எங்கே போகிறது?

முதலில் நான் நினைத்தேன், சிறுநீர் கழிக்க வேண்டும் என்று கேட்கிறாராக்கும். கழிப்பறைக்குக் கொண்டுபோவேன். கோபம் வரும் அவருக்கு. பிறகு மகள் வந்தபோது சொன்னார், அம்மா ஓய்வுபெற்ற நில வடிவமைப்பாளர், ஓஸில் படித்தவர், வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூட முற்றங்களும் சேமக்காலைகளும் வடிவமைத்தவர் என்று. எந்த வேலைக்குப் போனாலும் முதலில் கேட்கிற கேள்வி அதுவாம்: இங்கே தண்ணீர் எங்கே போகிறது?

அடுத்த மழைக்கு நான் அவருக்கு அருகில் குந்தி இருந்து, "நீங்கள் சொல்லுங்கோ, எங்கே போகிறது?" என்றேன். நடுங்கும் விரலால் யன்னல் கண்ணாடியில் ஒரு கோடு கீறினார். கார் நிறுத்தும் இடத்தின் மூலைக்கு, அங்கிருந்து கீழே வீதிக்கு. பிறகு அந்த மூலையில் விரலால் ஒரு வட்டம் போட்டார். "இங்கே மரம்" என்றார். அன்று அவர் என் கையைப் பிடித்தபடி நிம்மதியாகத் தூங்கினார். மனிதரில் கடைசியாக அழிவது எது என்று எனக்குத் தெரியாது. அவரிடம் அவருடைய தொழில் கடைசிவரை இருந்தது.

தாதியர் படிப்பில் புளோரன்ஸ் நைட்டிங்கேலைப் படித்தோம். அவர் 1859-இல் வெளியிட்ட சிறு நூலின் சாரம், குணமாக்குவது இயற்கை, அதற்கு வழிவிடும் நிலையில் நோயாளியை வைத்திருப்பதே தாதியின் வேலை என்பது. நல்ல காற்று, வெளிச்சம், யன்னல். 1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 'சயன்ஸ்' இதழில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை சத்திரசிகிச்சை செய்த 46 நோயாளிகள். பாதிப்பேரின் யன்னலுக்கு வெளியே மரங்கள். மற்றப் பாதிப்பேருக்குச் செங்கற்சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு போனார்கள். கடுமையான வலி மருந்தும் குறைவாகத்தான் எடுத்தார்கள். ஆய்வு சிறியது, அதை மட்டும் வைத்து உலகத்தை அளக்கக்கூடாது. ஆனால் இரவு வேலை செய்யும் எந்தத் தாதியைக் கேட்டாலும் ஆம் என்பார்.

இப்போது என் சொந்தக் குற்றத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

யுத்தம் முடிந்தபின் வலிகாமத்தில் எங்கள் வீட்டைத் திருத்தினோம். அண்ணா பிரான்சில், தங்கச்சி கனடாவில், நான் இங்கே. மூன்று பேரும் காசு போட்டோம். உடைந்த வீட்டை அம்மாவுக்காக வடிவாகக் கட்டினோம். அதோடு நின்றிருக்கலாம். முற்றம் முழுக்க சீமெந்து போடச் சொன்னோம். வேலி எடுத்து மதில் கட்டச் சொன்னோம். கிளுவையும் பூவரசும் கதியாலாக நின்ற வேலி. மதிலோடு இடிக்கிறது என்று வேம்பைத் தறிக்கச் சொன்னதும் நாங்கள்தான். அம்மா போனில் கேட்டா, "பிள்ளை, வேம்பு நிக்கட்டுமே?" நான் சொன்னேன், "அம்மா, வயசு போன காலத்தில ஒவ்வொரு நாளும் குனிஞ்சு சருகு கூட்டப் போறியளோ? சீமெந்து எண்டால் ஒரு வாளி தண்ணி ஊத்திக் கழுவிவிடலாம்." தாதியல்லவா, நாரிநோ வரும் என்று ஆலோசனை வேறு சொன்னேன்.

பிறகு ஒரு மாரியில் அம்மா போன் எடுத்தா. "எங்கட வளவுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி நிக்கேல்லை. எல்லாம் பின்வீட்டுக்குப் போட்டுது. அவள் பாவம், பிள்ளையளோட இரவு முழுக்கக் கட்டிலுக்கு மேல இருந்தவள்." பின்வீட்டு அக்காவுக்கு வெளிநாட்டில் யாரும் இல்லை. மண் வீடு, தகரக் கூரை. எங்கள் மூன்று பேரின் காசு, மழையை அவருடைய வீட்டுக்குள் தள்ளியிருந்தது. சித்திரையில் இன்னொரு போன். சீமெந்து முற்றம் வெயிலில் கொதித்து, இரவிலும் சூடு விடுகிறது, அம்மா வெளியே பாய் போட்டுப் படுக்க முடியவில்லை.

யாழ்ப்பாணத்தில் பெரிய ஆறு இல்லை. வழுக்கியாறு மழைக்கு மட்டும் ஓடும். குடாநாட்டின் குடிநீர் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்வது மண்ணுக்குள் இறங்கினால்தான் ஆடியில் கிணற்றில் தண்ணீர். எங்கள் ஊர்களில் குளம், கேணி, தரவை, வெள்ளவாய்க்கால் என்று ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு வேலை இருந்தது. அவற்றை வெட்டியவர்கள் ஓஸில் படிக்கவில்லை. அந்த அம்மா கேட்ட கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் குளத்தை நிரப்பினோம், வாய்க்காலை அடைத்தோம், முற்றத்தை மூடினோம். புண்ணை எப்படிக் கட்டவேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நீர் வடிய வழி விடாமல் இறுக்கி மூடினால் மேலே சுத்தமாகத் தெரியும், உள்ளே பழுதாகும். நிலத்துக்கு மட்டும் அந்தப் பாடத்தை நான் மறந்துபோனேன்.

2023-இல் மகளோடு ஊருக்குப் போனேன். மேசனைக் கூப்பிட்டு, முற்றத்தின் பாதிச் சீமெந்தை உடைக்கச் சொன்னேன். அவர் என்னை ஏறஇறங்கப் பார்த்தார். "காசு குடுத்துப் போட்டதைக் காசு குடுத்து உடைக்கிறியளோ அக்கா?" "ஓம் தம்பி, புத்தி வர இவ்வளவு காலம் எடுத்திருக்கு" என்றேன். அம்மா நடக்க ஒரு பாதை மட்டும் விட்டோம். பின்மதில் ஓரத்தில் மகள் ஒரு நீளமான பள்ளம் கீறித் தந்தாள். ஒரு முழ ஆழம். கூரைப் பீலியை அதற்குள் திருப்பினோம். வாழை, வெட்டிவேர், ஒரு வேப்பங்கன்று. அடுத்த மாரியில் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் ஓர் இரவு நின்று, காலையில் மண்ணுக்குள் போய்விட்டது என்று அம்மா சொன்னா. பின்வீட்டு அக்காவின் துன்பம் முழுக்கத் தீரவில்லை. ஒழுங்கையில் வாய்க்கால் இல்லை, மேல்வளவுகளிலும் சீமெந்துதான். ஆனால் எங்கள் வளவுத் தண்ணீர் இப்போது அவருடைய வீட்டுக்குள் போவதில்லை. அதை அவரிடம் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அவர் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

நாங்கள் செய்ததை நோர்வேயில் மூன்று படி என்கிறார்கள். சிறு மழையை மண்ணுக்குள் இறக்கு. பெரு மழையைத் தேக்கிவைத்து மெல்ல விடு. அதற்கும் மேல் வந்தால், யாருக்கும் சேதமில்லாமல் போக ஒரு வழி விடு. கொப்பன்ஹேகனில் 2011 ஜூலை 2-ஆம் திகதி பேய்மழை நகரத்தை மூழ்கடித்தபின், அடுத்த வருடமே முழு நகரத்துக்கும் ஒரு மழைத் திட்டம் போட்டார்கள். எங்ஹேவ பூங்காவை 2019-இல் திருத்தித் திறந்தபோது, பெருமழைக்கு அது 22,600 கனமீற்றர் தண்ணீரைத் தாங்கும். மற்ற நாட்களில் பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள். கொழும்பில் 2010 நவம்பர் வெள்ளத்தில் நாடாளுமன்றமே தண்ணீருக்குள் நின்றது. அதன்பிறகு அங்குள்ள சதுப்பு நிலங்களைக் காக்கத் தொடங்கினார்கள். 2018-இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது.

சீனாவில் கொங்ஜியான் யூ என்ற நில வடிவமைப்பாளர் இருந்தார். விவசாயி மகன். சிறுவயதில் பெருகி ஓடிய ஆற்றில் விழுந்து, கரையிலிருந்த நாணலையும் வில்லோ மரத்தையும் பிடித்துத் தப்பியவர். கொங்கிறீற் கரை கட்டியிருந்தால் செத்திருப்பேன் என்ற பொருளில் அதைச் சொல்வார். நகரம் பஞ்சுபோல நீரை உறிஞ்சவேண்டும் என்ற அவருடைய கருத்தை 2013-இல் சீன அரசு கொள்கையாக்கியது. 2025 செப்டம்பரில் பிரேசிலில் ஈரநிலங்களுக்கு மேலே பறந்த சிறு விமானம் விழுந்து இறந்துபோனார். அந்தச் செய்தியை மகள்தான் எனக்குச் சொன்னாள். சொந்த மாமா ஒருவர் போனதுபோல அழுதாள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவள் ஆகமாட்டேன். மழைத் தோட்டம் காலநிலையைக் குணமாக்காது. காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவதும் பராமரிப்புத்தான், ஆனால் கிருமி உள்ளே இருக்கிறது. நாங்கள் வாழும் நோர்வே எண்ணெயும் வாயுவும் விற்கும் நாடு. பேர்கனுக்கு வடக்கே மொங்ஸ்தாட்டில் சுத்திகரிப்பு ஆலை எரிகிறது. என் சம்பளத்திலும் மகளின் படிப்புச் செலவிலும் அந்த எண்ணெய் இருக்கிறது. இங்கே எண்ணெய் விற்ற காசில் அழகான மழைத் தோட்டம் போடுகிறோம். மீரியபெத்தைக்கு மழை மட்டும் போகிறது. உலக நில வடிவமைப்பாளர் சம்மேளனம், எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் சங்கங்கள் சேர்ந்தது, 2021-இல் காலநிலைக்கான உறுதிமொழி ஒன்றை எடுத்தது. உறுதிமொழி நல்லது. காணி இல்லாத மக்களின் சரிவுகளுக்கும் அது ஏறவேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊரில் வீடு திருத்தக் காசு அனுப்பும்போது, ஓடு எந்த நிறம் என்று கேட்பதற்கு முன், தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். கோவில் வீதிக்கும் தேவாலய முற்றத்துக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்கும் நன்கொடை கொடுக்கும்போதும் கேளுங்கள். கல் பதித்து உங்கள் பெயரைப் பொறிப்பார்கள். அந்தக் கல்லுக்குக் கீழே கிணறு வற்றும்.

நான் கிறிஸ்தவப் பெண். சின்ன வயதில் ஞாயிறு மறைக்கல்வியில், முதல் மனிதனுக்குக் கொடுத்த முதல் வேலை ஒரு தோட்டத்தைப் பண்படுத்திக் காப்பது என்று படித்தேன். உயிர்த்த காலையில் மகதலேனா மரியாள் இயேசுவைக் கண்டு தோட்டக்காரர் என்று நினைத்துப் பேசிய இடம் எனக்கு எப்போதும் பிடிக்கும். அவள் ஆளை மாறி நினைத்தாள் என்று பிரசங்கங்களில் சொல்வார்கள். அவள் நினைத்ததில் அவ்வளவு பிழை இல்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

என் கணவரைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். அவர் இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை. ஆனால் போன கிழமை பெருமழையில், குடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் நின்றார். எங்கே போய்விட்டார் என்று கதவைத் திறந்து பார்த்தேன். குனிந்து நிலத்தைப் பார்த்தபடி மகளைக் கூப்பிட்டார். "பிள்ளை, ஒருக்கா வா. இந்தத் தண்ணி எங்க போகுது எண்டு பார்."

அவள் சப்பாத்தும் போடாமல் ஓடினாள்.